லோ பண்ணின சிட்டி: தினசரி ஓட்டத்துக்கு மெத்தென்று ஆக்க முடியுமா? (உச்சிப்புளி – ராமநாதபுரம்)

மெதுவண்டி
வணக்கம். வண்டி 2011 ஹோண்டா சிட்டி, உயரத்தைக் குறைத்து லோ பண்ணியது. போன மாசியில் காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டு முன்னால் 50 மி.மீ., பின்னால் 45 இறக்கினேன். 17 இஞ்ச் வீல், 205/40 டயர். பார்க்க அழகு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஓட்டுவதில்தான் சிக்கல். தினமும் உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வாரம் ஒருமுறை பாம்பன் பாலம் தாண்டி தங்கச்சிமடத்தில் அக்கா வீடு. போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போனேன். பாலம் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "திரும்பும்போது நான் பஸ்ஸில வந்துக்கிறேன், நீ உன் வண்டியைப் பத்திரமா கொண்டு வா" என்றார். சொன்னபடியே பஸ்ஸில்தான் வந்தார்.

இரண்டு விதமாக இடிக்கிறது. பாலத்து ஜாயின்ட்டில் ஒவ்வொன்றுக்கும் 'டக்' என்று கூர்மையாக ஒரு அடி. ரயில்வே கேட்டுக்கு முன்னால் வரிசையாக வெள்ளைப் பட்டை போட்டிருப்பார்களே, அங்கே முதல் இரண்டு பட்டை பரவாயில்லை, கடைசி இரண்டில் சம்மட்டியால் அடித்த மாதிரி. ஷாக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் 32 கிளிக் இருக்கிறது. மாட்டிக் கொடுத்தவர் நடுவில் வைத்தார், மிதக்கிற மாதிரி இருந்ததால் நான் 24-க்கு ஏற்றி வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் முன்னால் 6 கிலோ (ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ).

பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

இறக்காதே
பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள்.

மெதுவண்டி
அண்ணே, உங்கள் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இறக்காதே
கோபப்படாதே தம்பி. தேவிபட்டினம் பக்கம் உள்ளூர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது தனுஷ்கோடி ரோட்டில் மணல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். பார்க்க ஒரு விரல் உயரம் போலத்தான் இருக்கும், ஏறினால்தான் அது முழங்கை உயரம் என்று தெரியும். இந்தக் கரையில் வண்டியை இறக்குகிறவனுக்கு இரண்டாவது வண்டி ஒன்று வேண்டும்.

தொண்டி ஈசிஆர்
எனக்கும் இதே பிரச்சினை ப்ரோ. நான் கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிட்டேன். செலவு இல்லை. ஆனால் குழியில் இறங்கினால் பல் ஆடுகிறது. வெட்டினால் ஸ்பிரிங் லூசாகத்தானே ஆக வேண்டும், ஏன் இறுகுகிறது?

கணக்குப்பிள்ளை
ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த கம்பி. கம்பி நீளமாக இருந்தால் எளிதில் வளையும், குட்டையானால் வளையாது. வேலை செய்கிற சுற்று ஆறு இருந்து ஒன்றை வெட்டினால் ஐந்தாகும், விறைப்பு 20 சதவீதம் கூடும். உயரம் குறைந்ததால் இடிப்பதற்கு இருந்த இடமும் போயிற்று. வெட்டின முனை ஷாக் தட்டில் சரியாக உட்காராது என்பது அதைவிட மோசம். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிப் போகும். அதை முதலில் மாற்றுங்கள், இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை.

மெதுவண்டி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிட்டியின் முன் மூலை ஒன்றில், சக்கரம், ஹப் எடையைக் கழித்துவிட்டு, சுமார் 295 கிலோ உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒவ்வொரு 6 கிலோவுக்கும் ஒரு மி.மீ. அமுங்கும். 295-ஐ 6-ஆல் வகுத்தால் 49 மி.மீ. வண்டி வெறுமனே நிற்கும்போதே ஸ்பிரிங் அவ்வளவு அமுங்கியிருக்கும். இந்த எடைக்கும் இந்த ஸ்பிரிங்குக்கும் வண்டி நொடிக்கு சுமார் 2.25 முறை ஆடும். சொகுசாக ஓடும் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை முறை) இருக்கும். 2-க்கு மேல் போனால் அது பந்தய வண்டியின் குணம். 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் 1.84-க்கு வரும். இறக்கிய வண்டிக்கு அது நல்ல சமரசம்.

கீழக்கரை காக்கா
கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் தம்பிக்கு முதல் நோய் ஸ்பிரிங் இல்லை என்று நினைக்கிறேன். துபாயில் பதினாறு வருடம் இருந்தேன், காயிலோவர் பைத்தியம் அங்கே பிடித்தது. ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. என் அனுபவத்தில், "விறைப்பா இருக்கு" என்று சொல்கிற பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் ஸ்பிரிங்கில் ஓடுவதே இல்லை. பம்ப் ஸ்டாப் ரப்பரில் ஓடுகிறார்கள். ஷாக் தண்டு உள்ளே போய்ப் போய்க் கடைசியில் ரப்பரில் மோதும். அங்கே விறைப்பு பல மடங்காகும். அதைத்தான் சம்மட்டி அடி என்கிறாய்.

ஒரு ரூபாய் செலவில் தெரிந்துகொள்ளலாம். ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டை கட்டு, டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு. இறுக்கமாகவும் வேண்டாம், தானாக நழுவவும் கூடாது. கீழே ஷாக் உடம்போடு ஒட்டத் தள்ளிவிட்டு, வேலைக்குப் போய் வா. தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு மேலே டை ஏறியிருக்கும். அதோடு மூன்று அளவு எடுத்துப் போடு: வண்டி தரையில் நிற்கும்போது தண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது, ரப்பர் எவ்வளவு நீளம், ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங்கைக் கையால் சுற்ற முடிகிறதா.

மெதுவண்டி
காக்கா, சொன்னபடி செய்தேன். நேற்று போக வர ஓட்டினேன். டை ரப்பருக்குள்ளேயே புகுந்து நசுங்கியிருக்கிறது!

தரையில் நிற்கும்போது தண்டு 62 மி.மீ. தெரிகிறது. ரப்பர் 45. ஜாக்கியில் தூக்கினால் ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடுகிறது, கையால் சுலபமாகச் சுற்ற முடிகிறது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது தண்டு 120.

கீழக்கரை காக்கா
அல்ஹம்துலில்லாஹ், கணக்கு கையில் வந்துவிட்டது. 62-இல் 45 போனால் 17. அதுதான் உன் சஸ்பென்ஷன் முழுக்க. பக்கத்து சீட்டில் அம்மா உட்கார்ந்தால் அதில் மூன்று நான்கு மி.மீ. போய்விடும். கேட்டைப் பார்த்துப் பிரேக் பிடித்தால் மூக்கு அமுங்கும், மீதியும் போச்சு. பட்டைமேல் ஏறுவதற்கு முன்பே நீ ரப்பரில் உட்கார்ந்திருக்கிறாய்.

முதல் இரண்டு பட்டை பரவாயில்லை, கடைசி இரண்டு இடி என்றாயே, அதைச் சொன்னதற்கு உனக்கு எங்கள் ஊர் இனிப்பு தொதல் ஒன்று வாங்கித் தர வேண்டும். கிளிக்கை 24-க்கு ஏற்றினாய் அல்லவா? அந்தத் திருகு பெரும்பாலும் ரீபவுண்டைத்தான் இறுக்கும், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வதைத் தடுக்கும். பட்டை ஒன்றில் அமுங்கி, நீள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இன்னும் அமுங்குகிறது. இப்படியே படிப்படியாக வண்டி கீழே இறங்கி நாலாவது பட்டையில் ரப்பரில் மோதுகிறது. மிதப்பு குறைய வேண்டும் என்று திருகினாய், இடி கூடியது. இன்றைக்கே 10-க்கு இறக்கிப் பார்.

பாலத்து ஜாயின்ட் விஷயம் வேறு. அது சின்ன, கூர்மையான அடி. ஒவ்வொன்றுக்கும் இடையே வண்டி ஆற நேரம் இருக்கிறது. அங்கே குற்றவாளி டயரும், ஷாக்கை மேலே வண்டியோடு இணைக்கிற மவுன்ட்டும்தான். 1988-இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஜாயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணக்குப்பிள்ளை
அந்த லொடலொடப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 120-இல் 62 போக 58 மி.மீ. கீழே தொங்க இடம் இருக்கிறது. ஸ்பிரிங் அமுங்கியிருப்பது 49 மட்டும். மிச்சம் 9 மி.மீ.க்கு ஸ்பிரிங் வேலையே செய்யவில்லை. அதாவது வண்டியை இறக்குவதற்குக் காலரை (ஸ்பிரிங்கை அடியில் தாங்கும் மரை வளையம்) மட்டும் கீழே சுற்றிவிட்டார்கள்.

டயரையும் விடாதீர்கள். கம்பெனி 175/65 15 இஞ்சில் சைட்வால் (டயரின் பக்கச் சுவர் உயரம்) 114 மி.மீ. உங்கள் 205/40-இல் 82. ஜாயின்ட்டை முதலில் வாங்க வேண்டிய மெத்தையில் 32 மி.மீ.யை வெட்டிவிட்டீர்கள். மொத்த உயரமும் குறைந்ததால் வண்டி இன்னொரு 6 மி.மீ. கீழே போயிற்று. 15 இஞ்சில் 185/60 போட்டால் சைட்வால் 111. அழகு போய்விடும் என்பீர்கள். சரி, அது உங்கள் பாடு.

மெதுவண்டி
கிளிக் 10-க்கு இறக்கினேன். கேட்டுப் பக்கம் உண்மையிலேயே பாதி குறைந்துவிட்டது! ஆனால் வேகத்தடை தாண்டினால் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடுகிறது.

காலரை மேலே சுற்றினால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும் என்று மாட்டினவர் சொன்னார். அதனால்தான் தொடப் பயமாக இருக்கிறது.

கீழக்கரை காக்கா
எல்லாப் பட்டறையிலும் சொல்கிற பொய் அது. தெரிந்து சொல்வதில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறார்கள். 6 கிலோ ஸ்பிரிங்கை நீ எங்கே வைத்துச் சுற்றினாலும் ஒரு மி.மீ.க்கு 6 கிலோதான். வண்டி அதன்மேல் உட்கார்ந்த பிறகு காலரை ஏற்றினால் வண்டி மேலே போகும், அவ்வளவே.

உன்னுடைய காயிலோவரில் அடியில் இன்னொரு மரை இருக்கிறதா பார். ஷாக்கின் உடம்பே அடிப் பிராக்கெட்டுக்குள் திருகி ஏறி இறங்கும். இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். காலர் முடிவு செய்வது ஷாக்குக்குள்ளே தண்டு எங்கே நிற்கிறது என்பதை. அடிப் பிராக்கெட் முடிவு செய்வது வண்டி எவ்வளவு உயரம் என்பதை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவன்தான் இடி வாங்குகிறான். காலரை ஏற்றித் தண்டை வெளியே கொண்டு வா, பிறகு பிராக்கெட்டில் வேண்டிய உயரத்துக்கு இறக்கிக்கொள். டயர் மட்கார்டில் முட்டாத அளவு பார்த்து.

4 கிலோ ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கு. இப்போது இருப்பதில் அச்சடித்திருக்கும்: உள்விட்டம், நீளம், கிலோ. உள்விட்டம் அதே இருக்க வேண்டும். நீளம், காயில் ஒன்றோடொன்று முட்டாத அளவு இருக்கிறதா என்று கேட்டு வாங்கு.

பட்டறைக்காரர்
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ராமநாதபுரத்தில் பட்டறை. பட்டறையைத் திட்டியது போதும், ஒன்று நானும் சொல்கிறேன்.

தம்பி, மாட்டும்போது வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்க விட்டபடியே லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) போல்ட்டை முறுக்கினார்களா? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், நேரம் மிச்சம். அந்த ஆர்மில் இருப்பது ரப்பர் புஷ். நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினால் குழாய் அசையாது, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் முழுக்க முறுக்கிக்கொண்டு நிற்கும். அது ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். கொஞ்ச நாளில் கிழிந்தும் போகும். இறக்கின வண்டியில் இது ரெட்டிப்பு.

வண்டியைக் குழியின்மேல் ஏற்றி, நாலு சக்கரமும் தரையில் நிற்க, கீழே இறங்கி ஆர்ம் போல்ட், பின் சக்கரங்களை இணைக்கும் பீமின் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்து. வண்டியை நாலு தடவை அமுக்கி விடு. அப்புறம் முறுக்கு. கால் மணி நேர வேலை. வேறு எதுவும் மாற்றாமல் இதைமட்டும் செய்து, "என்ன அண்ணே ஷாக் மாத்தினீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

உயரம் மாற்றின பிறகு அலைன்மென்ட் கட்டாயம். கேம்பரை (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பது) பார்த்துப் பயப்படாதே, டயரைத் தின்பது டோ (சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது). முன்னால் லோயர் ஆர்மைப் பக்கவாட்டில் பார்: வீல் பக்கம் கொஞ்சம் சரிந்து இறங்கியிருந்தால் நல்லது. வீல் பக்கம் மேல்நோக்கி ஏறியிருந்தால் வண்டி அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. வளைவில் அதிகம் சாயும், குழியில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

இறக்காதே
வயிறு உரசுவதைப் பற்றி யாருமே பேசவில்லையே? வேகத்தடைக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை
நல்ல கேள்வி. இந்தியச் சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்து வளைவு. சிட்டியின் இரண்டு அச்சுக்கும் நடுவே 2.55 மீட்டர். மேட்டின் உச்சி வண்டியின் நடுவில் இருக்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும்கூட அதே மேட்டின்மேல்தான், தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஆக, வயிற்றுக்கு அடியில் அந்த மேடு தின்பது 48 மி.மீ. மட்டுமே. லோ பண்ணின வண்டியும் தாராளமாகத் தாண்டும்.

நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் இருப்பது அது இல்லை. ஒரு மீட்டர் அகலத்தில் ஜல்லியைக் கொட்டிக் குவித்தது. சக்கரங்கள் இரண்டும் சமதரையில் நிற்க, நடுவில் முழு 12 செ.மீ.யும் வயிற்றைத் தேடி வரும். விதியைப் படித்துத் தைரியப்பட வேண்டாம்.

மெதுவண்டி
என் வயிற்றுக்கடியில் 105 அளந்தேன். நாலு பேர் ஏறினால் இன்னும் குறையும். இப்போது புரிகிறது. 15 மி.மீ. ஏற்றிவிடுகிறேன், அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

தொண்டி ஈசிஆர்
ஆர்டிஓ பிடிப்பார்களா ப்ரோ?

கணக்குப்பிள்ளை
மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. விபத்து இன்சூரன்ஸ் என்று வரும்போது பேச்சு வேறு மாதிரி போகும், அதையும் மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். பழைய பாகங்களை எறிந்துவிட வேண்டாம்.

கீழக்கரை காக்கா
ஒன்று விட்டுப்போனது, இந்தக் கரைக்கே உரியது. உப்புக் காற்று. காயிலோவர் மரையில் உப்பும் மணலும் சேர்ந்தால் ஆறே மாதத்தில் காலர் அசையாது. என்னுடையது ஒன்றைச் சுத்தியலும் உளியும் வைத்து எடுத்தோம், மரையும் போனது ஸ்பிரிங் தட்டும் போனது. மாட்டும்போதே மரை முழுக்க ஆன்டி-சீஸ் கிரீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் காப்பது) பூசிவிட வேண்டும். பூசாமல் மாட்டிவிட்டார்கள் என்றால் இப்போது கழற்றும்போது பூசு. மேலே கிரீஸ் டேப் சுற்றலாம்.

அப்புறம், கழுவுகிற தண்ணீர். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று சும்மாவா மிரட்டினார்கள்? உச்சிப்புளிப் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார். கரித்தால், அந்தத் தண்ணீரில் வண்டிக்கு அடியில் பீச்சியடிப்பது உப்பைக் கழுவுவது இல்லை, உப்பு பூசுவது. குடிதண்ணீர் லாரியில் வாங்குகிற ஊரில் வண்டிக்கு நல்ல தண்ணீரா என்று கேட்பாய். இரண்டு குடம் போதும், அடிப்பக்கம் மட்டும், மாதம் இரண்டு முறை. தனுஷ்கோடி போய் வந்த அன்றைக்கு அவசியம்.

மெதுவண்டி
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஸ்பிரிங் வரத் தாமதம்.

செய்ததைச் சொல்கிறேன். முன்னால் 4 கிலோ. காலரில் 20 மி.மீ. முன்னிறுக்கம், அதாவது சக்கரம் தொங்கும்போதே ஸ்பிரிங் அவ்வளவு அமுங்கியிருக்கும். இப்போது நிற்கும்போது தண்டு 66 தெரிகிறது. ரப்பரின் கூம்பு முனையை விட்டுவிட்டு அடிப்பக்கம் 15 மி.மீ. வெட்டினோம். ஆக 17 இருந்த இடத்தில் 36. உயரத்தை அடிப் பிராக்கெட்டில் ஏற்றி 35 மி.மீ. இறக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். ஹெட்லைட் மட்டத்தையும் சரி செய்தோம், அது இத்தனை நாளும் எதிரே வருகிற வண்டியின் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

புஷ் போல்ட்டைப் பட்டறைக்காரர் அண்ணன் குழியில் இறங்கித் தளர்த்தியபோது 'டங்' என்று ஒரு சத்தம். ஆர்ம் திரும்பியது கண்ணுக்கே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

டயர் மாற்றவில்லை. பின்னால் டயரில் 40 பிஎஸ்ஐ அடித்து வைத்திருந்தார்கள், அதை 34-க்குக் கொண்டு வந்தேன். பாலத்தில் அடி இருக்கிறது, ஆனால் கூர்மை போய்விட்டது. கிளிக்கை முழு மென்மையிலிருந்து இரண்டிரண்டாக ஏற்றினேன். 8-இல் வேகத்தடைக்குப் பிறகு ஒரே ஆட்டத்தில் அடங்குகிறது.

கணக்குப்பிள்ளை
பொருந்துகிறது. ஸ்பிரிங் 6-லிருந்து 4 ஆனால் தேவைப்படுகிற டேம்பிங் (ஆட்டத்தை ஷாக் அடக்குவது) 18 சதவீதம் குறையும். கேபிள் டை இப்போது எங்கே நிற்கிறது?

மெதுவண்டி
கேட்டுப் பட்டையில் ரப்பரைத் தொடவில்லை. தங்கச்சிமடம் போய் வந்ததில் ஒரே ஒருமுறை ரப்பரில் 5 மி.மீ. ஏறியிருக்கிறது. எந்த இடம் என்றும் தெரியும், மண்டபம் தாண்டி ஒரு பள்ளம். அம்மா கூட இருந்தார்.

இறக்காதே
திரும்பும்போது?

மெதுவண்டி
வண்டியில்தான் அண்ணே. உச்சிப்புளி வருவதற்குள் தூங்கிவிட்டார். ஆனால் இப்போது பின்பக்கம் இடது மூலையில், சின்னக் குழியில் மட்டும் ஒரு 'கட கட' சத்தம். பீம் போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

பட்டறைக்காரர்
ஷாக்கின் மேல்முனை ரப்பர் வாஷரைப் பார். கழற்றி மாட்டும்போது கீழ் வாஷர் தலைகீழாகப் போயிருக்கலாம், என் பையன் வேலை. திங்கள் காலை கொண்டு வா, காசு வேண்டாம். வரும்போது அடியைக் கழுவிவிட்டு வா, போன தடவை என் கண்ணெல்லாம் மணல்.